பதினொரு மாதச் சோர்வுக்குப் பத்து டிரிப் போடலாமா?

கேள்வி: வயது 37. தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறேன். தினமும் விடியற்காலை ஜீப்பில் ஏறி, குமுளிக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போகிறேன். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. பதினொரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி துணி துவைத்தால் திங்கள் சாயங்காலத்திலிருந்து புதன்வரை எழுந்திருக்க முடிவதில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் கண் இருட்டுகிறது. ஹீமோகுளோபின் 11.4, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் 2.9, சர்க்கரை சரியாக உள்ளது. "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஓரிடத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்து, "உங்கள் செல் எல்லாம் துருப்பிடித்துவிட்டது, குளூட்டாதயோன் டிரிப் பத்து போட வேண்டும்" என்கிறார்கள். ஒரு டிரிப் 2,800 ரூபாய். கூடவே வைட்டமின் ஏ, சி, ஈ, செலினியம் சேர்ந்த கேப்சூல். இரண்டு வருடமாக கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிலக்கு ஏழு நாள், அதிகமாகப் போகும். வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. டிரிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டிரிப் போட வேண்டாம். அந்தக் காசில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

முதலில் உங்கள் கடிதத்திலுள்ள ஓர் எண்ணைப் பார்ப்போம். ஹீமோகுளோபின் 11.4 என்பது நார்மல் இல்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நம் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு 10, 11 என்று இருப்பதைப் பார்த்துப் பார்த்து, 11-ஐத் தாண்டினாலே போதும் என்று விட்டுவிடும் பழக்கம் வந்துவிட்டது. ஏழு நாள் அதிகமாகப் போகும் மாதவிலக்கு, இரண்டு வருட கேஸ் மாத்திரை, இந்த 11.4 மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்ற வேண்டும். அதைச் சொல்லும் ஃபெரிட்டின் சோதனை உங்களுக்கு எடுக்கப்படவே இல்லை. எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இன்னும் காரணம் தேடப்படாத சோர்வு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று அவர்கள் சொன்னது கட்டுக்கதை இல்லை. நீங்கள் வேலை செய்யும் ஸ்டோரையே வைத்து விளங்கிக்கொள்ளலாம். அடுப்பில் விறகு எரிகிறது, சூடு குழாய் வழியாக அறைக்குள் போகிறது, காய் காய்கிறது. குழாயில் கசிவு இருந்தால் புகை உள்ளே வந்து காயின் பச்சை நிறம் கெடுகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்று இப்படிப்பட்ட அடுப்புகள் உண்டு. சாப்பாட்டையும் ஆக்சிஜனையும் வைத்து அவை சக்தி தயாரிக்கும்போது, ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு சூப்பராக்சைடு என்ற வேகமான பொருளாகக் கசியும். அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் 1969-ல் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக மாற்ற கேட்டலேஸ் என்ற நொதியும், உங்களுக்கு டிரிப்பில் ஏற்றச் சொன்ன அதே குளூட்டாதயோனை வைத்து வேலை செய்யும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் இருக்கின்றன. கசிவு கூடினாலோ துடைக்கும் ஆள் குறைந்தாலோ செல்லின் கொழுப்புச் சவ்வும் புரதமும் சேதமாகின்றன. இந்தச் சமநிலைக் குலைவுக்கு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்ற பெயரை 1985-ல் நிலைநிறுத்தியவர் ஹெல்முட் சீஸ்.

மாதக்கணக்கில் அசதி நீடிக்கும் நாட்பட்ட சோர்வு நோய் என்ற தனி நோயில் இது உண்மையாகவே கூடியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் 2005-ல் வெளியான ஆய்வில், கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான ஐசோப்ரோஸ்டேன் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் அதிகமாக இருந்தது. அறிகுறிகளோடு அதற்குத் தொடர்பும் தெரிந்தது. 2012-ல் அமெரிக்காவில் நடந்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில் மூளையின் குளூட்டாதயோன் குறைந்தும், மூளையின் உள்ளறைகளில் உள்ள நீரில் லாக்டேட் கூடியும் இருந்தன. ஆகவே உங்கள் சோர்வு மனதில் மட்டும் இருப்பது என்று சொன்னவர்கள் சொன்னது தவறு. உடம்பில் அளக்கக்கூடிய மாற்றம் இருக்கிறது.

ஆனால் இதே அடையாளங்கள் சர்க்கரை நோயிலும் கூடும். புகைப்பவரிடமும், பருமனிலும், காசநோயிலும், தூக்கம் கெட்டவரிடமும் கூடும். புகை வருகிறது என்று மட்டும் அந்த டெஸ்ட் சொல்லும். விறகு ஈரமா, குழாய் ஓட்டையா, காற்று வழி அடைப்பா என்று சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. குளூட்டாதயோன் போன்றவை இரத்தம் குழாயில் ஏறிய நிமிடத்திலிருந்தே தானாக ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். எடுத்த உடனே பிரித்து, பதப்படுத்தி, உறையவைக்காமல், மலைச்சாலையில் மணிக்கணக்கில் பயணித்து லேபுக்குப் போன இரத்தத்தில் தெரியும் "துரு" உங்கள் உடம்பில் உண்டானதா, பயணத்தில் உண்டானதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சிகிச்சையை முடிவு செய்ய இன்ன அளவுக்கு மேல் நோய் என்று எல்லோரும் ஏற்ற எல்லைக்கோடும் இந்தச் சோதனைக்குக் கிடையாது.

சரி, துடைக்கும் பொருளை ஊசியில் ஏற்றினால் என்ன? நரம்பில் ஏற்றிய குளூட்டாதயோன் நிமிடக் கணக்கில் உடைந்துவிடும். பெரும்பாலான செல்கள் அதை முழுதாக உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. அமினோ அமிலங்களை எடுத்து உள்ளேயே செய்துகொள்கின்றன. நாட்பட்ட சோர்வை அது குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சிகிச்சை ஆய்வு இல்லை. ஆனால் ஒவ்வாமையும் ஊசி வழித் தொற்றும் வரக்கூடும். இதோடு "வைட்டமின் சி அதிக டோஸும் சேர்த்துப் போடுகிறோம்" என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம். சிறுநீரகத்தில் ஆக்சலேட் உப்பைப் படியவைக்கவும் கூடும்.

கேப்சூலையும் வாங்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியா கசியவிடும் அந்தச் சிறு பொறி வெறும் கழிவு இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளையணு அதே சூப்பராக்சைடைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. உழைத்த தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்ள அதையே செய்தியாக எடுத்துக்கொள்கிறது. 2009-ல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு நான்கு வாரம் தினமும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் வேலையில் வர வேண்டிய முன்னேற்றம் அவர்களுக்கு வரவில்லை. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு வந்தது. ஃபின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்த ஆய்வு 1994-ல் முடிந்தபோது நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியதை 2011-ல் வெளியிட்டார்கள். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: 37 வயதில் கருத்தரிக்க வாய்ப்புண்டு, அதிக வைட்டமின் ஏ கருவின் உறுப்புகளைப் பாதிக்கும். செலினியம் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் முடி கொட்டும், நகம் உடையும்.

இப்போது இரும்புக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கைமாறிப் போகும் படிகள் பலவற்றில் இரும்பு இருக்கிறது. பெராக்சைடைத் துடைக்கும் கேட்டலேஸ் நொதியின் நடுவிலும் இரும்புதான். அதனால் இரும்பு குறைந்தால் அடுப்பும் மந்தமாகும், துடைக்கும் ஆளும் குறைவார். இது ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். ஹீமோகுளோபின் 12-க்கு மேலும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழும் இருந்த சோர்வான பெண்களுக்கு 12 வாரம் தினமும் 80 மில்லிகிராம் இரும்பு கொடுத்த ஆய்வு 2012-ல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குச் சோர்வு தெளிவாகக் குறைந்தது.

எடுக்க வேண்டிய சோதனைகளைச் சொல்கிறேன். முழு இரத்த எண்ணிக்கை, அதில் எம்சிவி என்ற சிவப்பணுவின் சராசரிப் பருமன். ஃபெரிட்டின், அதோடு அழற்சியைக் காட்டும் சிஆர்பி; உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். வைட்டமின் பி12 கட்டாயம், ஏனென்றால் இரண்டு வருட கேஸ் மாத்திரை அதன் உறிஞ்சலைக் குறைத்திருக்கலாம். 200-க்குக் கீழே என்றால் குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. பிறகு இஎஸ்ஆர், கல்லீரல், சிறுநீரகம், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மூன்று மாதச் சர்க்கரை, தசைக்கான சிபிகே, வைட்டமின் டி, சிறுநீர்ச் சோதனை. காலை ஒன்பது மணிக்குள் கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்). மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும். ஆடு மாடு வளர்த்து, பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால், அப்படிப் பரவும் புரூசெல்லா கிருமிக்கான சோதனை. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது டிஎஸ்ஹெச் அளவைக் குறைத்துக் காட்டும். பெரும்பாலானவற்றைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமல் பார்க்கலாம். வெளியில் எடுத்தாலும், ஒரு டிரிப்பின் காசுக்குள் ஃபெரிட்டினும் பி12-ம் அடங்கும்.

இரும்பு குறைந்திருந்தால்: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காயோடு சாப்பிடலாம். தினமும் சாப்பிட்டால் முதல் நாள் டோஸே மறுநாள் உறிஞ்சலைக் குறைக்கும். மிச்ச இரும்பு குடலில் தங்கி வயிற்றுவலியும் மலச்சிக்கலும் தரும். டீ, கட்டன் சாயா, பால், கால்சியம் மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்குக் கூடாது. மலையேறும் வேலையில் நாளுக்கு ஐந்தாறு டீ உள்ளே போகும். அதில் சாப்பாட்டோடு சேர்ந்து போகும் டீதான் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் மருந்து உள்ளே சேரவில்லை, அல்லது இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பப்பை ஸ்கேன் ஒன்றும் எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஃபெரிட்டின் பார்க்காமல் வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மிகையான இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் மிகக் கொடிய தீப்பொறியை உண்டாக்கும். அதுவும் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான்.

இரும்பு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. துணி துவைத்த மறுநாள் சாயங்காலம் விழுந்து, புதன்வரை எழ முடியாமல் கிடப்பதைச் சாதாரண அசதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்த வேலைக்குப் பொருந்தாத அளவில், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் தாமதித்து வரும் இந்த விழுதல்தான் நாட்பட்ட சோர்வு நோயின் முத்திரை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பு 2015-ல் வகுத்த அளவுகோலில் ஆறு மாதத்துக்கு மேல் வேலைத்திறன் குறைவு, இந்த உழைப்புக்குப் பின் விழுதல், தூங்கியும் தெளியாமை ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றோடு மூளை மந்தமோ, நின்றால் தலைசுற்றலோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் நான்கும் தெரிகிறது. டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இப்படித் தொடங்குவது உண்டு. மேலே சொன்ன சோதனைகளில் கிடைப்பதைச் சரிசெய்த பிறகும் நீடித்தால் இந்தப் பெயரை வைக்கலாம்.

ஒரு சின்ன யோசனை. கேரள எல்லை தாண்டி குமுளியிலோ கட்டப்பனையிலோ டாக்டரைப் பார்த்தால், மலையாளத்தில் அசதியைக் குறிக்கும் "க்ஷீணம்" என்ற சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்தச் சொல் அங்கே எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வருவது. கேட்டவர் ஒரு டானிக் எழுதித் தந்துவிடுவார். "வேலை செய்த அன்று தாங்குகிறது, மறுநாள் சாயங்காலம் விழுகிறேன், இரண்டு நாள் எழ முடியவில்லை" என்று நேரக்கணக்கோடு சொல்லுங்கள்.

ரேஷன் கடையில் கண் இருட்டுவதை வீட்டிலேயே சோதிக்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பத்து நிமிடம் அசையாமல் படுத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். பிறகு எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, தோளை மட்டும் சுவரில் சாய்த்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுக்க வேண்டும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது ஒரு வகை. அழுத்தம் இறங்காமல் நாடி 30-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் இன்னொரு வகை. மயக்கம் வந்தால் உடனே படுத்துவிடுங்கள். இரத்தசோகையும் நீர்க்குறைவும் இதே மாதிரி காட்டும், அதனால் இரும்பு ஏறிய பிறகு மறுபடி பாருங்கள். ஜீப்பிலும் தோட்டத்திலும் கழிப்பறை இல்லாததால் பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழிக்கிறார்கள் என்பது தெரிந்ததே. உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்டோரில் கழிப்பறை உண்டென்றால் அங்கே போய்ச் சேர்ந்ததும் அரை லிட்டர், பகலில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். உப்பைக் கூட்டுவது இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சரி என்று தெரிந்த பிறகுதான்.

வீட்டுக்காரரின் வேலை குறித்தும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புச் செய்தியை நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. செல்லில் ஆக்சிஜனேற்றத்தையும் கூட்டுகின்றன. அவர் சட்டையை உங்கள் வாளியில் சேர்த்துக் கையால் துவைத்தால் மருந்து உங்கள் தோலுக்கும் வரும். அவர் துணிக்குத் தனி வாளி, ரப்பர் கையுறை, சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை அலசல் வேண்டும். முடிந்தால் அவரே தோட்டத்தில் அலசி வரட்டும். மருந்து டப்பாவைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கோலினெஸ்டரேஸ் சோதனை இருவருக்கும் எடுக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பளவு பெரிதும் மாறும் என்பதால் ஒரே ஓர் அளவு ஏமாற்றும். மருந்தடிக்காத காலத்தில் ஒன்று, அடிக்கும் காலத்தில் ஒன்று எடுத்து ஒப்பிட வேண்டும். தன் அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்த வேலையைக் கவனிக்க வேண்டும். வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, சதை துடித்தால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"தினமும் நட, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வெறும் இரும்புக் குறைபாட்டுக்கு அது நல்ல யோசனை. உழைத்த மறுநாள் விழுகிறவருக்கு அது கெடுதல். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் இந்த நோய்க்கான படிப்படிப் பயிற்சியைத் தன் வழிகாட்டலிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாகச் சக்தியை அளந்து செலவழிக்க வேண்டும். ஏழு நாள், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணிச் சராசரி எடுங்கள். அதோடு 15 கூட்டினால் வருவது உங்கள் எல்லை. சராசரி 76 என்றால் எல்லை 91. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மெஷின் வீட்டில் கிடந்தால் அதுவே போதும். குத்தவைத்துத் துவைக்கும்போது நாடி 110, 120-ஐத் தாண்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து நான்கைந்து துணி, பிறகு நாடி இறங்கும்வரை படுத்தல். மிச்சத்தை மறுநாளுக்கு வையுங்கள். போர்வையும் ஜீன்ஸும் பிள்ளைகளோ வீட்டுக்காரரோ பார்க்கட்டும். பொறுக்கும் இடத்தில் முதுகுக்குச் சாய்மானம் கேளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். கிலோக் கணக்கில் கூலி என்பதால் இது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கிடப்பதைவிட, தினமும் குறைவாகப் பொறுக்கினால் மாதக் கூலி கூடவே நிற்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள்: விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றே முடிக்கப் பார்த்து, அதற்கு அடுத்த மூன்று நாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல நாளிலும் முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. முருங்கைக்கீரை, பயறு, முட்டை, வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை போதும். உங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையின் கருநிறத் தோலில் இருப்பதும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிதான். கொடிக்கு மருந்து அடித்திருப்பார்கள், நாலைந்து தண்ணீரில் அலசிச் சாப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு மாத்திரை முயலத்தான் வேண்டும் என்றால், மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்க உதவும் கோஎன்சைம் க்யூ10-ஐச் சொல்வேன். 2015-ல் ஸ்பெயினில் நாட்பட்ட சோர்வு நோயாளிகளுக்கு தினமும் அதில் 200 மில்லிகிராமோடு, அதே வேலைக்கு உதவும் என்ஏடிஹெச் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்து எட்டு வாரம் கொடுத்ததில் சோர்வு ஓரளவு குறைந்தது. சிறிய ஆய்வு, பலனும் மிதமானது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடக்கூடாது. எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவிழந்து விழுதல், கை கால் ஒருபக்கம் பலமிழத்தல், இரவில் உடை நனையும் வியர்வை, மூன்று மாதத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் எடைக் குறைவு, கறுப்பு மலம் (இரும்பு மாத்திரை தொடங்குமுன்) இவற்றில் எது இருந்தாலும் பதிலுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் ஏழு நாள் நாடிக் குறிப்பு, படுத்து எழுந்த சோதனையின் அளவுகள், ஃபெரிட்டின், சிஆர்பி, பி12 மூன்றின் எண்கள் ஆகியவற்றோடு மறுபடி எழுதுங்கள். "நார்மல்" என்று எழுத வேண்டாம், எண்ணையே எழுதுங்கள்.